பகலில் வேலைக்குப் போன நிலா

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நாற்காலியின் கைப்பிடிகளையும் தாண்டிப் புகழ் வழிய அமர்ந்திருக்கும் வட்டார வரலாற்றுக் கழகத் தலைவி அவர்களே! மேடையில் தலைவி, வீட்டில் என் பெரியக்கா. இரண்டு இடத்திலும் நான் வாய் திறக்க அனுமதி தருபவர் அவரே. அவருக்கு அருகில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதே கண்ணாடியை மேசைக்கடியில் தேடிக்கொண்டிருக்கும் கழகத்தின் பழம்பொருள் காப்பாளர், என் அருமை அத்தான் அவர்களே! முதல் வரிசையில், சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தாலும் கம்பீரத்தில் கடுகளவும் குறையாமல் வீற்றிருக்கும் மாநகராட்சிப் பொறியாளர் அவர்களே! கிழிந்ததையெல்லாம் கோர்த்துத் தரும் தையற்கடை ஊசி அண்ணன் அவர்களே! கறுத்ததையெல்லாம் வெளுத்துத் தரும் சலவைக்கடைத் தங்கையே! இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தாய்மார்களே! முடியாது என்று தெரிந்து தூங்குவதற்கு வசதியாகச் சுவரோரம் இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

வேண்டாம், வேண்டாம்! கைதட்ட வேண்டாம். உலக வரலாற்றிலேயே கைதட்டலை வேண்டாம் என்று சொன்ன முதல் பேச்சாளன் நானாகத்தான் இருப்பேன். தட்டித்தான் தீருவோம் என்றால், ஒரு கை விரலால் மறு கை விரலை மெல்லத் தொட்டுக்கொள்ளுங்கள். மைக்காரரே, சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். காரணம் இருக்கிறது, வரும்.

பெருமக்களே! உங்களில் ஒருவர்கூட நம்பப் போகாத ஒரு கதையை இன்று சொல்வேன் என்று இந்த மேடையின் மீது நின்று மனமார உறுதி கூறுகிறேன். நம்பினால் அது உங்கள் தவறு. பிறகு என்னிடம் வரக் கூடாது.

என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் திரையைப் பாருங்கள். என்ன திரை! எப்பேர்ப்பட்ட திரை! கருநீல வானம், கரை காணாத ஆறு, ஆற்றங்கரையில் மரங்கள், வானமெங்கும் வெள்ளி இழையில் விண்மீன்கள். நடுவில்? நடுவில் சுவரளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையின் வழியே மேடையின் பின்புறம் சாத்தி வைத்திருக்கும் ஏணியும் துடைப்பமும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். வானத்தின் நடுவே துடைப்பம் தெரியும் ஒரே மண்டபம் இந்தப் பூவுலகில் இதுதான்! இந்த ஓட்டைதான் இந்த மண்டபத்தைக் காப்பாற்றியது. சிரிக்கிறீர்களா? மெதுவாகச் சிரியுங்கள்.

முன்பொரு காலத்தில் இந்தக் கூரை ஒழுகியது. ஒழுகியது என்றால் சாதாரண ஒழுக்கா? நாடகத்தில் அரசன் அரியணையில் அமர்ந்தால் அரியணை மிதக்கும். அழுகைக் காட்சிக்கு நடிகர்கள் அழவே வேண்டாம், கூரை பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு மழையில் இந்தத் திரை நனைந்தது. நனைந்த திரையை இறக்க ஏழு யானைகளை வரவழைத்தார்கள். ஏழும் சளி பிடித்துப் படுத்துக்கொண்டன. வேறு வழியில்லாமல் அன்றைய மண்டபக் காவலாளி தையலைப் பிரித்து, திரையைத் துண்டு துண்டாக்கி, இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு துண்டாகக் கொடுத்து, "காய வெச்சுத் திருப்பிக் குடுங்க" என்றார்.

கொடுத்தார்களா? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள், கொடுத்தீர்களா? அவர் வந்து கேட்கும்போதெல்லாம் "இன்னும் காயலண்ணே!" அடுத்த கோடையிலும் "இன்னும் ஈரமாத்தான் இருக்கு!" ஆறு, குளம், கிணறெல்லாம் வற்றிய ஆண்டில்கூட இந்தத் தெருவில் வற்றாத ஈரம் அந்தத் துணியில் மட்டும் இருந்தது! காவலாளி ஓய்வு பெற்றார். மண்டபம் பூட்டப்பட்டது. ஆற்றங்கரை முடிதிருத்தகத்தின் கதவுத் திரையானது. மரங்கள் ஓட்டுநர் பயிற்சிக் காருக்குப் போர்வையாயின. விண்மீன்களின் மேல் ஊசி அண்ணன் கால்சட்டைகளை வைத்து இஸ்திரி போட்டார். வானத்தின் நட்ட நடுவில் இருந்த முழு நிலா, சலவைக்கடைக்குப் போனது.

சலவைக்கடை எங்கே இருக்கிறது என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதோ, இந்த இடதுபக்கச் சுவருக்கு அந்தப் பக்கம். ஒரே நீள அறை. முன்பாதியில் இஸ்திரி மேசை, மூட்டைகள், ஆவி, வாடிக்கையாளர் சண்டை. பின்பாதியில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஓர் அடுப்பு. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவில் சுவர் கிடையாது. நிலாதான் சுவர். அந்த நிலாவுக்குப் பின்னால்தான் சலவைக்கடைத் தங்கையின் ஒரே மகள் பிறந்த நாளிலிருந்து தூங்கினாள், படித்தாள், வளர்ந்தாள், செவிலியானாள். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவுப்பணி. ஊர் தூங்கும்போது அவள் விழித்திருப்பாள். ஊர் விழித்தால் அவள் தூங்கியாக வேண்டும்.

இப்படிச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கையில் மாநகராட்சி ஓர் இடியை இறக்கியது. பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்களாம். என் பெரியக்கா பொங்கி எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் அண்டை வீட்டுக் கோழிகள் பறவைகளாகிப் பறந்தன! படியேறினார், வாதாடினார், கடைசியில் ஒரு வாக்குறுதியோடு திரும்பினார். மண்டபத்தின் பழைய திரையை முழுசாகக் காட்டினால் மண்டபம் நிற்கும். பொறியாளர் ஒருவர் வந்து பார்ப்பார். என்றைக்கு? சொல்ல மாட்டார். எப்போது? பகலில்.

அதற்குப் பின் எங்கள் கழகம் இந்தத் தெருவோடு கைகோத்த கதையைக் காவியமாகவே பாடலாம். கொத்தனார் கூரையை அடைத்தார். முடிதிருத்துநர் ஆற்றங்கரையைக் கழற்றிக் கொடுத்தார். பயிற்சிக் கார் குளிரில் நடுங்கியபடி மரங்களைத் தந்தது. சலவைக்கடைக்கு நானும் அக்காவும் போய்த் தயங்கித் தயங்கி நின்றோம். தங்கை இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நிலாவைக் கேக்கத்தானே வந்தீங்க? இந்த மண்டபத்துல பாட்டுப் பாடித்தான் நான் மொத மொதல்ல பரிசு வாங்கினேன். இடிக்க விட்ருவேனா? எடுத்துக்கோங்கக்கா."

"வீட்டுக்கு மறைப்பு?"

"அது பாத்துக்கலாம்."

அது பார்த்துக்கொள்ளலாம்! இந்த இரண்டு சொல்லை நம்பி உலகத்தில் எத்தனை தவறுகள் நடந்திருக்கின்றன!

கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பழந்துணி எதுவானாலும் தைப்பதற்கு முன் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மேடைக்குப் பின்னாலுள்ள ஒப்பனை அறையில், சன்னல்களைக் கறுப்புத் தாளால் அடைத்து, மெத்தென்ற பலகையில் துணியை மடிப்பில்லாமல் விரித்துக் கிடத்தி, வாசலில் 'அமைதி' என்று எழுதித் தொங்கவிட வேண்டும். என் அத்தான் இதில் அரக்கர். அந்த அறைக்குப் பக்கத்தில் ஒருவர் தும்மினால் அவரைத் தெருக்கோடி வரை கொண்டுபோய் விட்டு வருவார். ஓர் எறும்பைக் கூப்பிட்டு, "காலை மெதுவா வெச்சு நட" என்று அவர் கண்டித்ததை என் காதால் கேட்டேன். இருட்டில், மெத்தையில், சத்தமில்லாமல் நிலா உறங்கியது. ஒரு மகாராணிக்குக்கூடக் கிடைக்காத உறக்கம்!

அத்தானுக்கு இன்னொரு பழக்கம். கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் சீட்டுக் கட்டுவார். பெயர், நிலை, எச்சரிக்கை. எங்கள் வீட்டுத் தேநீர்க் குவளையில் சீட்டு. குழம்புக் கரண்டியில் சீட்டு. திருமணமான புதிதில் பெரியக்காவின் முதுகில் 'அரியது, கையாளும்போது கவனம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்ததாக ஒரு வதந்தி. இல்லை என்கிறார் அத்தான். வதந்தியை நான்தான் கிளப்பினேன், எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் முற்பகல். அத்தான் கண்ணாடியை வழக்கம்போல் நெற்றியில் ஏற்றிவிட்டு, இருட்டறைக்குள் தடவித் தடவிப் போனார். நிலா கிடந்தது. நிலாவின் ஓரத்திலிருந்து பலகைக்குக் கீழே, கருகருவென்று, முறுக்கிப் பின்னிய ஒரு குஞ்சம் தொங்கியது. அத்தானுக்குப் புல்லரித்துவிட்டது. 'ஆகா! திரையின் அசல் குஞ்சம்!' அதன் நுனியில் சீட்டைக் கட்டினார். 'திரைக் குஞ்சம். நல்ல நிலை. இழுக்கக் கூடாது.' கட்டிவிட்டு, முடிச்சு இறுகியதா என்று பார்க்க இழுத்தார்.

"ஐயோ அம்மா!" என்றது குஞ்சம்.

அத்தான் போட்ட கூச்சலில் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. நாங்கள் ஓடினோம். பலகையின் மேல், நிலாவைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, செவிலிச் சீருடையோடு சலவைக்கடைத் தங்கையின் மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பின்னல் நுனியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க பெரியம்மா. வேலை முடிஞ்சு வந்தேன். வீட்டுல கண்ணை மூடவே முடியல. வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. கடைக்கு வர்றவங்க எல்லாம் கட்டிலையே பாக்கறாங்க. இங்க இருட்டா இருந்துச்சு. செத்த நேரம்னு படுத்தேன்."

"எவ்வளவு நாளாம்மா தூங்கல?" என்றார் அக்கா.

"நிலாவை எடுத்துட்டு வந்ததுலேர்ந்து."

அக்கா பலகையின் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லக் கூடாதா?"

"அம்மா அவ்ளோ ஆசையா குடுத்தாங்க. எப்படிச் சொல்ல?" அவள் பின்னலிலிருந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "நேத்து வார்டுல மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன் பெரியம்மா. எந்தக் கட்டிலுக்குன்னே ஞாபகம் வரல. ஒருத்தர் வாயைத் திறந்துட்டார். நல்லவேளை, பக்கத்துக் கட்டில்காரர் 'அது என்னோடதும்மா'ன்னார். இல்லாட்டி…"

அக்கா அந்தச் சீட்டை அவிழ்த்தார்.

பெருமக்களே! சிந்தித்துப் பாருங்கள். துணிக்கு இருட்டு கொடுத்தோம், அவளுடைய இருட்டை எடுத்துக்கொண்டோம். துணிக்கு அமைதி கொடுத்தோம், அவளுடைய அமைதியை எடுத்துக்கொண்டோம். துணியைத் தூங்க வைக்கத் துடிதுடித்த நாங்கள் ஒரு பெண்ணின் தூக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்! பாதுகாப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களால் மட்டுமே செய்ய முடிந்த பிழை அது.

'வேறு துணி வாங்கிக் கொடுத்தால் என்ன?' என்று அங்கே மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா முணுமுணுக்கிறார். கொடுக்காமல் இருப்போமா? கடைத்துணி கட்டினோம், வெயில் அதன் வழியாகவே உள்ளே வந்து நலம் விசாரித்தது. கம்பளிகளைத் தொங்கவிட்டோம், இஸ்திரிப் பெட்டியின் சூடு சேர்ந்து உள்ளே ரொட்டி சுடும் அளவுக்கு வெந்தது. அதற்கு மேல் என் பஞ்சு மெத்தையையே கட்டித் தொங்கவிட்டேன்; அது விழுந்து ஒரு வாடிக்கையாளரைப் பாதி நாள் காணவில்லை. தூக்கம் என்ன, துணிக்கடையில் கிழித்து வாங்கும் சரக்கா? பிறந்ததிலிருந்து ஒரு நிலாவின் முதுகைப் பார்த்தே தூங்கியவளுக்கு வேறு எது தூக்கம் தரும்?

செயற்குழு கூடியது. அத்தான்தான் முதலில் எழுந்தார்.

"நிலா இல்லாம இதை எப்படி முழுத் திரைன்னு சொல்றது? பொறியாளர் எப்ப வேணா வருவார். பகல்லதான் வருவார். அவ தூங்கறதும் பகல்லதான். மண்டபமா, தூக்கமா? சொல்லுங்க."

"ஏங்க, அந்தப் பொண்ணு தலைமுடியில சீட்டு கட்டினவர்தானே நீங்க?" என்றார் அக்கா.

அத்தான் உட்கார்ந்தார்.

அப்போது ஊசி அண்ணன் வாயிலிருந்த ஊசியை எடுத்தார். அவர் வாயிலிருந்து ஊசியை எடுத்தால் விஷயம் பெரிது என்று பொருள். "தச்சாத்தானே பிரிக்கணும்? பொத்தான் வெச்சிட்டா? காலைல கழட்டு, சாயங்காலம் மாட்டு. சட்டை மாதிரிதானே?"

"பொறியாளர் பகல்ல வந்தா?" என்றார் அத்தான், உட்கார்ந்தபடியே.

அக்கா சொன்னார்: "பகல்ல வந்தா, பகல்ல இருக்கறதைப் பாத்துட்டுப் போகட்டும். ஒரு புள்ளை தூக்கத்தை வித்து மண்டபம் வாங்க வேணாம்."

அவ்வளவுதான்! தெருவே பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஓட்டுநர் சீருடையிலிருந்து பித்தளைப் பொத்தான். முடிதிருத்துநரின் மேலங்கியிலிருந்து வெள்ளைப் பொத்தான். குழந்தைச் சட்டைகளின் யானைப் பொத்தான், வாத்துப் பொத்தான். அடுத்த சில நாள்கள் இந்தத் தெருவில் ஆண்கள் எல்லோரும் ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். கைகுலுக்க வந்த விருந்தாளிகளுக்கு இடது கைதான் கிடைத்தது. திரை எழுந்தது. காலையில் அவள் வேலை முடிந்து வரும் வழியில் நிலாவைக் கழற்றி எடுத்துப் போவாள். மாலையில் வேலைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து மாட்டுவாள். இந்த ஊரில் நிலா இப்படித்தான் உதித்தது, இப்படித்தான் மறைந்தது.

பொறியாளர் வந்தார். எப்போது? உச்சி வெயிலில்! முகத்தைப் பார்த்தோம். பெருமகனார் மன்னிக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்காத சுவர்கூட அதைவிடச் சிரித்த முகமாக இருக்கும். திரையைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார்.

"நடுவுல எங்க?"

சலவைக்கடைத் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கண்கள் மேடையைப் பார்த்தன, பரிசு வாங்கிய மேடையை. "சார், ஒரு நிமிஷம் இருங்க. பக்கத்துலதான். நான் எழுப்பி வாங்கிட்டு வந்துடறேன்."

என் பெரியக்கா அவர் கையைப் பிடித்தார். "நீ உக்காரும்மா." பிறகு பொறியாளரை நிமிர்ந்து பார்த்தார். "நிலா வேலைக்குப் போயிருக்கு சார்."

"என்னது?"

"பகல் வேலை. சாயங்காலம் வந்துடும்."

"அம்மா, நான் விளையாட வரல. முழுத் திரை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். ஒரே இடத்துல இல்ல, அவ்ளோதான்."

"எங்க இருக்கு? காட்டுங்க."

அழைத்துப் போனோம். சலவைக்கடைக்குள் அவர் கால் வைத்தார். இஸ்திரி மேசைக்கு அப்பால், கூரையிலிருந்து தரை வரை, வெள்ளி இழைகள் மங்கலாக மின்ன, முழு நிலா. அதற்குப் பின்னாலிருந்து நிதானமாக, ஆழமாக, ஏறி இறங்கும் மூச்சு. அவர் அப்படியே நின்றார்.

"தூங்கறாங்களா?" கேட்டது அவர்தானா என்று திரும்பிப் பார்த்தோம். குரல் அவ்வளவு சிறுத்துவிட்டது.

"என் பொண்ணு சார். ராத்திரி ஆஸ்பத்திரியில வேலை."

அந்த நேரம் பார்த்து அவர் பையிலிருந்த கைபேசி அலறியது! ஐயா, அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்! மாநகராட்சியே நடுங்கும் அந்த மனிதர் பாய்ந்தார், சுழன்றார், கைபேசியை அக்குளில் அமுக்கினார், அழுக்கு மூட்டைக்குள் திணித்தார், மூட்டையின் மேல் தாமே ஏறி உட்கார்ந்தார். அழைத்தது அவருடைய மேலதிகாரியாம். இன்றுவரை பதில் போகவில்லையாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிலாவைப் பார்த்தோம். நிலா அசையவில்லை. காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில், எங்களுக்கு முன்னால் வெளியேறியவர் அவர்தான்.

வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "அளக்கணுமே…" என்றார். பிறகு, "நாளைக்கு சாயங்காலம் வரேன். நிலா வந்தப்புறம்."

வந்தார். அந்தப் பெண் நிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏணியில் ஏறி ஒவ்வொரு பொத்தானாக மாட்டுவதைக் கீழே நின்று பார்த்தார். மேல் மூலையில் ஒன்று கழன்று விழுந்திருந்தது. நிலா சற்றே சரிந்து நின்றது. பொறியாளர் ஊசி அண்ணனிடம் கத்தரியை வாங்கினார், தம் சட்டையிலிருந்து ஒரு பொத்தானை வெட்டினார், மேலே நீட்டினார்.

"முழுசாத்தான் இருக்கு," என்றார்.

அந்தப் பொத்தான் அங்கேயே இருக்கிறது, சட்டை இதோ இங்கே இருக்கிறது, மண்டபம் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது!

அதனால்தான் உரக்கச் சொல்ல முடியாமல் மெதுவாகச் சொல்கிறேன். எங்கள் கழகத்தின் அருங்காட்சியகம் எங்கே என்று கேட்காதீர்கள். அது இந்தத் தெரு முழுவதும் இருக்கிறது. பூட்டி வைத்தால்தான் பாதுகாப்பா? புழங்கினால் பாழா? ஒரு பொருள் ஒருவருக்கு இன்னும் பயன்படுகிறது என்றால், அதைவிட நல்ல காவல் அதற்கு எது? எங்கள் வரலாற்றில் ஓட்டை இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஆமாம் என்போம். பகல் முழுக்க இருக்கும், வந்து பாருங்கள் என்போம்!

தட்டாதீர்கள்! விரல், விரல்!

இந்த மண்டபத்தை நிறுத்திய கைகளுக்கும், பொத்தான் இழந்த சட்டைகளுக்கும், பேச்சைப் பொறுத்த காதுகளுக்கும் நன்றி. தலைவி அவர்கள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுப்பதால் வணக்கம் கூறி அமர்கிறேன்.

அமர்வதற்கு முன் ஒன்று. யானைகள் பொய். எறும்பு பொய். மெத்தைக்கடியில் காணாமல் போனவரும் பொய். ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. இந்த இடதுபக்கச் சுவருக்கு அந்தப் பக்கம், இந்த நேரத்தில், ஒரு பெண் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நாற்காலிகளை இழுக்காமல், தூக்கி வைத்துவிட்டுப் போங்கள்.